குற்றவாளி போனா, செயலியா?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் திடீரென்று திணறுகிறது. கீபோர்டு திறக்கவே சில நொடிகள் ஆகின்றன. மேஜையில் சும்மா கிடந்தாலும் சூடாகிறது. மதியத்துக்குள் பேட்டரி காலி. உடனே ‘ஃபேக்டரி ரீசெட்’ போட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது: ‘சேஃப் மோடு’.

போன் ஆன் ஆனதும் ஆண்ட்ராய்டு ஓர் அறிவிப்பை வெளியிடும். அதற்காகக் காத்திருக்கும் செயலிகள், நாம் தொடாமலேயே பின்னணியில் எழுந்துகொண்டு ராமையும் பிராசசரையும் பங்குபோடும். சேஃப் மோடில் நாம் இறக்கிய எந்தச் செயலியும் இயங்காது. போனோடு வந்தவை மட்டும் வேலை செய்யும். வீட்டில் டிரிப்பர் விழுந்தால் எலக்ட்ரீசியன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாரே, அதே முறைதான்.

பவர் மெனுவில் வரும் ‘பவர் ஆஃப்’ மீது விரலை அழுத்தியபடி வைத்திருங்கள். பல மாடல்களில் சேஃப் மோடுக்குப் போகலாமா என்று கேட்கும். சம்மதித்தால் போன் மறுபடி தொடங்கி, திரையின் கீழ்மூலையில் ‘சேஃப் மோடு’ என்று காட்டும். புகைப்படமோ தொடர்பு எண்ணோ அழியாது. முகப்புத் திரையின் விட்ஜெட்டுகள் மட்டும் கலையக்கூடும். முன்பே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை நாள் இப்படியே பயன்படுத்திப் பாருங்கள். நீங்கள் இறக்கிய வங்கிச் செயலியும் அலாரமும் அதுவரை இயங்காது என்பதை மறக்க வேண்டாம். சூடு தணிந்து வேகம் திரும்பினால், ஏதோ ஒரு செயலிதான் காரணம். வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்து, கடைசியாக இறக்கியதில் தொடங்கி ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒன்றை நீக்கியதும் மீண்டும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திரையை மறைத்து விளம்பரம் காட்டி, தன்னை நீக்கவிடாமல் தடுக்கும் செயலியா? அது உறங்கும் சேஃப் மோடிலேயே நீக்கிவிடலாம். அப்போதும் மறுத்தால், செட்டிங்ஸில் அதற்குள்ள ‘டிவைஸ் அட்மின்’ அனுமதியை முதலில் ரத்து செய்யுங்கள்.

சேஃப் மோடிலும் திணறலா? இறக்கிய செயலிகள் மீது பழியில்லை. சேமிப்பிடத்தைப் பாருங்கள், பத்தில் ஒரு பங்குகூடக் காலியில்லை என்றால் போன் தடுமாறலாம். அடுத்து சிஸ்டம் அப்டேட், பிறகு தேய்ந்த பேட்டரி. சர்வீஸ் சென்டருக்குப் போவது அதற்கப்புறம்தான்.

ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். எந்தச் செயலி கெடுத்தது என்று மட்டும் சொல்லாது. அதையே மறுபடி இறக்கினால் அதே தொல்லை திரும்பும். அதனால் முதலில் சோதனை, ரீசெட் கடைசியில்.