துப்பாக்கி வெளியே நின்ற வாசல்

வீட்டுக்குக் காவல் யார்? – 9

நியூயோர்க் வீடமைப்பு அதிகார சபை 1952இல் தனக்கென்று ஒரு பொலிஸ் படையை வைத்துக்கொண்டதையும், 1995இல் அது நகரப் பொலிஸோடு கலந்துவிட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். மொட்டைமாடியில் தொடங்கிப் படிக்கட்டு வழியே இறங்கிவரும் அந்த ரோந்து வாசகருக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் சிங்கப்பூரின் தோ பாயோ என்பதுதான் பேச்சு. ஆனால் போகிற வழியில் பேசாலை குறுக்கே வந்து நின்றது. பல ஆயிரம் பேர் தங்கிய ஒரு குடியிருப்பை ஆயுதக் காவலே இல்லாமல் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, இலங்கையின் மன்னார்த் தீவில் ஒரு காலம் பதில் இருந்தது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் இடையே போர் மறுபடி மூண்டது. வடக்கின் பல திசைகளிலிருந்தும் சனம் மேற்குக் கரையை நோக்கி நடந்தது. காரணம் எளிது: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். ஒரு வள்ளம் கிடைத்தால் விடிவதற்குள் இராமேசுவரம், பிறகு மண்டபம் அகதி முகாம். அப்படி வந்தவர்களில் பலர், 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை நம்பி அதே மண்டபத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். ஊரில் அடுப்பு மூட்டி இரண்டு மூன்று வருடம் ஆகுமுன்னே மறுபடி மூட்டை கட்டினார்கள்.

இப்படி இந்தியாவிலிருந்து திரும்பியவர்களை மீள்குடியேற்ற உதவுவதற்காகத்தான் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையகம், அதாவது யூ.என்.எச்.சி.ஆர்., 1987 இறுதியில் இலங்கைக்கு வந்திருந்தது. இப்போது அதற்கு ஒரு சட்டச் சிக்கல். எல்லை தாண்டியவனே அதன் ஏட்டில் அகதி. சொந்த நாட்டுக்குள் அலைகிறவன் அன்று அதன் கணக்கில் வரவில்லை. ஆனால் பேசாலையில் ஒரே மரநிழலில் இரண்டு குடும்பங்கள் இருந்தன: ஒன்று இந்தியாவிலிருந்து திரும்பியது, மற்றது ஊரைவிட்டு முதல்முறை ஓடிவந்தது. ஒரு தறப்பாளை நடுவே கிழித்து, பாதிக்கு மட்டும் உரிமை உண்டு என்று எப்படிச் சொல்வது? அந்த நிறுவனம் இருவரையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. அப்போது கொழும்பில் அதன் பிரதிநிதியாக இருந்த பில் கிளாரன்ஸ் இந்த முடிவின் பின்னணியைப் பிறகு விரிவாக எழுதினார்.

பிறந்தது ‘திறந்த நிவாரண நிலையம்’. இரண்டு இடங்கள்: தீவின் வடகரையில் பேசாலை, பெருநிலத்தின் காட்டுக்குள் மடு. பேசாலை ஆமியின் கட்டுப்பாட்டில். மடு இயக்கத்தின் கட்டுப்பாட்டில். போரின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கதவு!

நிலையத்தின் விதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரும் வரலாம். யாரும் போகலாம். தங்க இடமும் உணவும் மருந்தும் உண்டு. ஆயுதம் உள்ளே வரக்கூடாது.

இந்தத் தொடரின் கண்ணுக்கு நான்காவது விதிதான் பெரியது. நியூயோர்க்கில் பொறுப்பதிகாரியின் நாள், எந்தக் கட்டடத்துக்கு எத்தனை பொலிஸ் என்ற கணக்கோடு விடிந்தது. பேசாலையில் உள்ளே இருக்கவேண்டிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை பூச்சியம். அதைப் பூச்சியமாகவே வைத்திருப்பதுதான் வேலை. அதைச் செய்தவர்கள் வெறுங்கையோடு நின்ற கள அலுவலர்கள். அவர்களிடம் இருந்தவை ஒரு வாகனம், ஒரு கொடி, போய்ப் பேசும் உரிமை. ஒரு சம்பவம் நடந்தால் அதை ஆமிப் பொறுப்பாளரிடமோ இயக்கப் பொறுப்பாளரிடமோ கொண்டுபோய் வைத்துப் பேசவேண்டும். அடுத்த நாளும் அங்கேயே இருக்கவேண்டும். பார்க்க ஒரு வெளியாள் இருக்கிறார் என்பதே காவல்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய தீர்மானம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. இருந்தது பேசிப் பேசிப் பெற்ற சம்மதம். எதிர்ப்பக்கத்தில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவை வைத்துப் பார்க்கலாம். 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபையே அதைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. நெதர்லாந்துப் படையினர் ஐ.நா. தொப்பியோடு அங்கு நின்றார்கள். 1995 ஜூலையில் ஊர் வீழ்ந்தபோது எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். தீர்மானமும் ஆயுதமும் அங்கே இருந்தன. முற்றுகையிட்டவர்களின் சம்மதம் இருக்கவில்லை.

மடுவைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்கள் வந்து சேர்ந்த இடமே மடு. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கொட்டில் போட்டுத் தங்கும் பழக்கமும் ஊருக்கு முன்பே உண்டு. 1990இல் அங்கு வந்தவர்களுக்கு அது புதிய முகாம் அல்ல. பாட்டன் பூட்டன் ஓடிவந்து ஒளித்த இடம்.

இந்தக் கதவுக்கும் எல்லை இருந்தது. புவியியலாளர் ஜெனிபர் ஹிண்ட்மன் போன்றோர் கடுமையான ஒரு கேள்வி எழுப்பினர்: ஆபத்துக்குள்ளேயே ஓர் இடம் தருவது, நாட்டைவிட்டுத் தப்பும் உரிமையை மெல்ல மறைப்பதாகாதா? அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சம்மதம் உடைந்த நாட்களும் வந்தன. 1999 மார்ச்சில் ஆமி மடுவைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஆலய வளவுக்குள் ஷெல் விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரு தரப்பும் மற்றத் தரப்பையே குற்றஞ்சாட்டின. 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றி மாதா ஆலயத்துக்குள் பயத்தில் கூடியிருந்த சனத்தின் நடுவே கையெறி குண்டு வெடித்து ஒரு பெண் இறந்தார். அன்றே கடற்கரையில் மீனவர்களும் கொல்லப்பட்டனர். ஊரவர்கள் நேவியைக் குற்றஞ்சாட்டினர், நேவி மறுத்தது.

பேசாலைக்கு நேர்மாறானது அதே மாவட்டத்தின் தென்கரையில் இருக்கிறது: முசலிப் பிரிவின் முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் ஊரவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு அந்த நிலத்தில் நேவியின் வடமேல் கட்டளைப் பீடம் நின்றது. திரும்பி வந்தவர்கள் பக்கத்திலுள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டார்கள். காவலுக்கென்று வந்தவர் ஊரிலும், ஊரவர் காட்டிலும். ஆலயமும் முகாமுக்குள் அகப்பட்டதால், சொந்த ஊர்ப் பூசைக்குப் போகவும் நேவியின் வாசலைக் கடக்கவேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் வீதியோரம் அமர்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழும்பவில்லை. ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கரை விடுவிப்பதாக நேவி அறிவித்தது. எங்கள் வீட்டுக்குக் காவல் யார் என்று கேட்கும் உரிமை எங்களுக்கே உண்டு என்பதைத்தான் அந்தச் சனம் வீதியில் இருந்து சொன்னது.

முள்ளிக்குளத்துக்கு ஒரு பத்தி போதாது. கட்டளைப் பீடத்தை எவர் எந்தச் சட்டத்தின் கீழ் அங்கு வைத்தார், நிலத்தின் உறுதி யாரிடம் இருந்தது, இலங்கை வீடமைப்பு அதிகார சபையின் பங்கு என்ன என்பதையெல்லாம் தனியாகவே எடுக்கவேண்டும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட கதையும், அந்த மே மாதம் கொழும்பு கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்ட கதையும் அதோடு வரும்.

அதற்கு முன் தோ பாயோ. 1983 ஜூன் 1 அன்று அங்கே கே போங் தொகுதியில், ஜப்பானின் கோபன் என்னும் சிறு பொலிஸ் நிலையங்களைப் பார்த்துச் சிங்கப்பூர் தன் முதல் அயல்பொலிஸ் நிலையத்தைத் திறந்தது. வீடமைப்புச் சபையின் அடுக்குமாடிகளுக்கு நடுவே, குடியிருப்பாளர் நாளும் நடக்கும் வழியில் பொலிஸ் வந்து இருந்தது. அவர்கள் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)