பச்சிளங்குழந்தைக்குச் சர்க்கரை நோய்: காரணம் மரபணுவில் இருக்கிறது

பிறந்த ஆறு மாதங்களுக்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால், அது பெரியவர்களுக்கு வரும் நோய் அல்ல. பள்ளிப் பிள்ளைகளிடம் காணும் டைப் 1 நோயாக இருப்பதும் மிக அரிது. பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம். கர்ப்பத்தில் தாய் இனிப்பு சாப்பிட்டதால் இது வருவதில்லை. எந்தத் தாயும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறிகள்

குழந்தை அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிக்கும். நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறாது. சிறுநீர் பட்ட துணியில் எறும்பு மொய்க்கலாம். நோய் முற்றினால் வாந்தி, சோர்வு, வேகமான மூச்சு எல்லாம் வரும். இவை கிருமித் தொற்றுபோலவே தோன்றுவதால் உண்மையான நோய் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இப்படி வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட வேண்டும்.

எந்த மரபணு, என்ன கோளாறு?

கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேறும் நுண்கதவுகள் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அவை மூடினால்தான் இன்சுலின் சுரக்கும். கேசிஎன்ஜே11, ஏபிசிசி8 மரபணுக்களில் மாற்றம் இருந்தால் அந்தக் கதவுகள் திறந்தே கிடக்கும். செல்லுக்குள் இன்சுலின் இருந்தும் வெளியே வராது. பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவே இம்மாற்றம் தோன்றுவதும் உண்டு. சில குழந்தைகளுக்கு வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்து வரும்.

ஆறாவது குரோமோசோமில் கோளாறு என்றால், நோய் சில மாதங்களில் மறைந்து, பருவ வயதில் திரும்பக்கூடும். இன்சுலின் மரபணுவே பழுதானால் ஊசி தொடர்ந்து தேவைப்படும். நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் வகைகள் அதிகம். எலும்பையும் கல்லீரலையும் தாக்கும் வால்காட்-ராலிசன் நோய் அவற்றில் ஒன்று. பெற்றோர் இருவரும் அத்தகைய பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஊசிக்குப் பதில் மாத்திரை

2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவினர் கேசிஎன்ஜே11 மரபணுவின் பங்கை வெளிப்படுத்தினர். திறந்து கிடக்கும் அந்தக் கதவை மூடவல்லது, பெரியவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்த கிளிபென்கிளமைடு வகை மாத்திரை. 2006இல் வெளியான ஆய்வில், கேசிஎன்ஜே11 மாற்றம் கொண்ட 49 பேரில் 44 பேரால் இவ்வகை மாத்திரைக்கு மாறி இன்சுலினை நிறுத்த முடிந்தது.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதல் ஆறு மாதங்களில் சர்க்கரை நோய் உறுதியானால், உடனே மரபணுப் பரிசோதனை கேளுங்கள். சிறிதளவு ரத்தம் போதும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இதைச் செய்கிறது. முடிவு வரும்வரை இன்சுலினை நிறுத்தாதீர்கள். மாத்திரைக்கு மாறுவது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே நோய் வந்து, இன்று இருபது, முப்பது வயதிலும் ஊசி போட்டுக்கொள்பவர்களும் பரிசோதிக்கலாம். அவர்களில் சிலருக்கும் மாத்திரையே போதுமானதாக இருக்கக்கூடும்.