தெரியுமா? கழுதையைக் கதாநாயகனாக்கிய தமிழ்ப் படம்!

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த மலேசியாவின் நம் கோலா குபு பாரு ஊர்த் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள். எம்.ஜி.ஆர். வந்தார், சிவாஜி வந்தார் என்பார்கள். கழுதை வந்ததா என்றால் சிரிப்பார்கள். ஆனால் 1977-இல் வந்த ஒரு தமிழ்ப் படத்தில் கழுதைதான் நாயகன், தெரியுமா? கழுதையின் பெயர் சின்னா. படம் ‘அக்ரகாரத்தில் கழுதை’!

இயக்கியவர் கேரளத்துக் குட்டநாட்டுக்காரர் ஜான் ஆபிரகாம். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணவர். திரைக்கதை யார் தெரியுமா? தமிழ் சினிமாவை விளாசித் தள்ளிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன்! கழுதையை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். இசையும் அவரே.

தாயை இழந்த குட்டிக்கழுதையைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரி கேலி செய்கிறது. சொந்த ஊர் அக்ரகாரத்துக்குக் கொண்டுபோனால், வாய் பேசாத உமா என்ற பெண் மட்டும் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதைமேல். கடைசியில் அடித்தே கொல்கிறார்கள். பிறகு? நல்லது நடக்கத் தொடங்கியதும் அதற்கே கோயில் கட்டக் கிளம்புகிறார்கள்! இந்த ஒரு திருப்பத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. பின்னாளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பப் போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கிவிட்டது. விருதும் அரசாங்கத்தது, தொலைக்காட்சியும் அரசாங்கத்தது!

ஜான் அதோடு நிற்கவில்லை. ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்பு மூலம் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடமே காசு திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். மறு வருடமே கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

இன்னொன்று தெரியுமா? பழைய படச் சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேகரிப்பவர்கள் ஓடாத படங்களின் காகிதங்களையும் துரத்துவார்கள். வெற்றிப் படத்துக்குச் சுவரொட்டியும் பாட்டுப் புத்தகமும் கட்டுக்கட்டாக அச்சாகும். ஓடாத படத்துக்குக் கொஞ்சம்தான். அதிலும் பாதி பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். கழுதைப் படத்துக்கு வெங்கட் சாமிநாதன் எழுதிய திரைக்கதையும் நூலாக வந்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்!

1883-இல் அணை உடைந்து சீரழிந்து, பிறகு வேறிடத்தில் புதிதாக எழுந்த ஊர் நம் கோலா குபு பாரு. தொலைந்ததன் அருமை நமக்குத் தெரியாதா? தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடக்கும் படச் சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு எதையும் எரிக்காதீர்கள். படத்தின் பெயரை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்!