கைக்குள் அடங்கும் மஞ்சள் டாக்ஸி

மோட்டார் வண்டியை வாங்கி ஓட்டுவதற்குப் பணவசதி வேண்டும். செய்து பார்ப்பதற்குப் பொறுமை போதும். மெய்யான வண்டியின் அளவுகளை ஒரே விகிதத்தில் சுருக்கி, அதன் உருவத்தைப் பிசகாமல் சிறிதாக அமைப்பது மேனாடுகளில் ஏராளமானோர் கைக்கொண்டிருக்கும் பொழுதுபோக்கு. நம் வீடுகளிலோ இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். குழந்தை உருட்டும் பொம்மை வேறு, இது வேறு. பொம்மைக்கு நான்கு சக்கரமும் கொஞ்சம் பளபளப்பும் இருந்தால் போதும். மாதிரி வண்டிக்கு அளவு வேண்டும். அளவு தவறிவிட்டால், எத்துணை அழகாக இருந்தாலும் அது மாதிரி ஆகாது.

இக்கலைக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு அதில் சற்றுப் பெருமையும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியை நிறுவிய பிராங்க் ஹார்ன்பி என்பவர் விளையாட்டு ரயில்களைச் செய்து விற்று வந்தார். ரயில் இருந்தால் நிலையம் வேண்டும், நிலையத்து வாசலில் நிற்க மோட்டார் வண்டிகளும் வேண்டுமல்லவா? அதற்காக 1933-ஆம் ஆண்டின் இறுதியில் ஈயம் வார்த்த சின்னஞ்சிறு வண்டிகள் சிலவற்றை அக்கம்பெனி வெளியிட்டது. மறு ஆண்டில் அவற்றுக்கு டிங்கி என்று பெயராயிற்று. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது அங்கே ஒருவகை விளையாட்டு ரயிலுக்குரிய கணக்கு. அதனை விகிதமாக்கினால் 1:43.5 வரும். இன்று உலகெங்கும் சேகரிப்போர் போற்றும் 1:43 என்னும் அளவு இவ்வாறு ரயிலுக்குத் துணையாகப் பிறந்ததேயாகும்.

மற்ற விகிதங்களுக்கும் வரலாறு உண்டு. விரிக்கப் புகுந்தால் இடம் போதாது. 1:24 என்பது அடிக்கு அரை அங்குலம். 1968-இல் மாட்டெல் கம்பெனி கொண்டுவந்த ஹாட் வீல்ஸ் வண்டிகள் பெரும்பாலும் 1:64-ஐ ஒட்டியவை. அமெரிக்காவில் 1:25 வழக்கில் வந்தது. அங்கே ஏ.எம்.டி. என்னும் கம்பெனி 1958-இல் ஒரு புதுமை செய்தது. ஒரே பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறுப்புகளை வைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியோ, பந்தய வண்டியாகவோ, சொந்தக்காரர் தம் விருப்பப்படி மாற்றியமைத்த வண்டியாகவோ, மூன்றில் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விற்றது. வாங்கியதை வாங்கியபடி வைக்காமல் தம் மனத்துக்கேற்பத் திருத்தும் பழக்கம் இதனால் வலுத்தது.

நாம் இன்னும் கல்கத்தா என்றே சொல்லும் இந்நகருக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. டிங்கி வண்டிகளை வார்த்துத் தேய்ந்த பழைய அச்சுகளில் சில 1960-களின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு உள்ளூர்க் கம்பெனி ஒன்று நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகளை வார்த்து விற்றது. அடித்தகட்டில் டிங்கி என்ற எழுத்தை அழித்த வடு தெரியும், வார்ப்பும் முரடு. ஆயினும் அவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டுவிட்டது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் இத்தாலிய ஃபெராரியும் ஜெர்மானிய போர்ஷேயும் அழகழகாக 1:24-இல் கிடைக்கின்றன. ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்துத் தாமியா கம்பெனியின் பெட்டியைத் திறந்து பார்ப்பதே ஓர் இன்பம். ஆனால் நம்மில் எவர் ஃபெராரியில் ஏறினோம்? ஹௌராவில் சென்னை மெயிலிலிருந்து இறங்கி, டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும் குழந்தைகளுமாக இந்நகருக்குள் நம்மை முதன்முதலில் கொண்டுவந்து சேர்த்தது மஞ்சள் அம்பாஸடர் டாக்ஸி. நாம் செய்து வைக்கத்தக்க வண்டி அதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவசரமும் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, 1950-களின் பிற்பகுதி முதல் அம்பாஸடர் உத்தர்பாராவில் உருவாகி வந்தது. ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் லோக்கல் வண்டியில் உத்தர்பாராவை அடுத்து ஹிந்த் மோட்டார் என்றொரு நிலையம் வரும். தொழிற்சாலையின் பெயரே ஊருக்கும் நிலையத்துக்கும் ஆயிற்று. அத்தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டு மே மாதம் வேலை நின்றது. கல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு என்பது ஆயுள் வரம்பு. விதி இப்படியே இருக்குமாயின், கடைசியாக வந்த வண்டிக்கும் 2029-இல் கெடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் தெருவில் மஞ்சள் குறைந்து வருவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். வண்டி நிற்கும்போதே அளவெடுத்தால் உண்டு. பின்னர் புகைப்படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

எங்கே தொடங்குவது? பின்னுக்கு இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாஸடர் பொம்மை கடைத்தெருவில் கிடைக்கிறது. விலையும் கைக்கு எட்டும். அதை வாங்கியவுடன் அளந்து பார்க்க வேண்டும். மெய்யான வண்டியின் நீளம் 4325 மி.மீ., அகலம் 1662, உயரம் 1593, முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 2464. நான் வாங்கிய பொம்மையில் அச்சு இடைவெளி 70 மி.மீ. இருந்தது. 2464-ஐ 70-ஆல் வகுத்தால் 35 சொச்சம். ஆகவே அது 1:35. நீளத்தை அளந்தேன், 118 மி.மீ. அந்தக் கணக்குப்படி 1:37-ஐ நெருங்குகிறது. அகலம் 50, அதன்படி 1:33. ஒரே பொம்மைக்குள் மூன்று விகிதங்கள்! பார்சல் அலுவலகத்தில் இப்படி ஓர் அளவுச் சீட்டு வந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

இந்தத் தகராற்றைத் தீர்ப்பதில்தான் கலையின் சுவை இருக்கிறது. அச்சு இடைவெளியை ஆதாரமாகக் கொண்டு 1:35 என்று முடிவு செய்தால், நீளம் 123.5-ம் அகலம் 47.5-ம் இருக்க வேண்டும். அகலத்தில் இரண்டரை மி.மீ. மிகை, நீளத்தில் ஐந்தரை குறை. மெல்லிய ரம்பத்தால் உடலை நெடுக்கில் நடுவே இரண்டாக அறுத்து, அறுத்த ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து இரண்டரை மி.மீ. கழித்து மீண்டும் ஒட்ட வேண்டும். பிறகு குறுக்கில், முன் கதவுக்கு முன்னே ஓரிடமும் பின்கண்ணாடிக்குப் பின்னே ஓரிடமும் அறுத்து, பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளைச் செருகி நீளத்தைக் கூட்ட வேண்டும். பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்கும் பசை வெறும் பசையன்று. இரு ஓரங்களையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆகவே ஒரு நாள் முழுவதும் தொடாமல் காயவிட வேண்டும். அதன் நெடி தலையைச் சுற்றும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது நலம். வயிற்றுக்குள் இருக்கும் சுருள்வில் எந்திரத்தை எடுத்தெறிந்தால்தான் வண்டி தாழ்ந்து, அம்பாஸடருக்குரிய அந்த அமர்ந்த தோற்றம் வரும். சக்கர வட்டு மெய்யாக 15 அங்குலம். நமக்கு 11 மி.மீ. போதும்.

இடைவெளிகளைப் பட்டி பூசி அடைத்து, 400, 800, 1200 என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தபின் வர்ணம். மஞ்சள் மிகவும் பொல்லாத வர்ணம். சாம்பல் நிறப் பிரைமர் மேல் அடித்தால் பச்சை ஓடிய அழுக்கு மஞ்சளாகக் காட்டும். வெள்ளைப் பிரைமர்தான் அதற்கு ஏற்றது. ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று தடித்து அடித்தால் வழியும். மெல்லியதாக நான்கைந்து முறை அடிக்க வேண்டும். எனாமல் பூசியதன் மேல் லாக்கரை அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிழவன் தோல் போலாகிவிடும். ஒரு வண்டிக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்கு வீடே கடை. மாத்திரை அட்டையின் குமிழில் முன்விளக்கின் கண்ணாடி கிடைக்கும். அதே அட்டையின் தட்டையான ஓரம் ஜன்னலுக்கு ஆகும். சமையலறை அலுமினியத் தாள் பம்பருக்குப் பளபளப்புத் தரும். டாக்ஸிகளின் தலைமேல் உள்ள இரும்புக் காரியருக்குத் தென்னை ஈர்க்கின் நுனிப் பகுதிக்கு ஈடு வேறில்லை. முன்பக்கக் கம்பிச் சட்டத்தைச் செய்யுமுன் எந்த ஆண்டு வண்டி என்று தீர்மானிக்க வேண்டும். 1963-இல் வந்த இரண்டாம் மார்க்கின் நெருங்கிய கட்டங்கள் வேறு, 1975-இன் மூன்றாம் மார்க் வேறு, 1979-இன் நான்காம் மார்க் வேறு. மூன்றையும் கலந்தால் கண் உள்ளவர் சிரிப்பார்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பது ஏதோவோர் அம்பாஸடர். குறிப்பிட்ட ஒரு டாக்ஸி ஆக வேண்டுமானால் தெருவுக்குப் போக வேண்டும். ஞாயிறு காலையில் லேக் மார்க்கெட் பக்கம் நிற்கும் வண்டி ஓட்டியிடம், “தாதா, அளந்து கொள்ளலாமா?” என்று கேட்டேன். முதலில் போக்குவரத்து இலாகாவின் ஆள் என்று எண்ணி மிரண்டார். விஷயம் தெரிந்ததும் அளவுநாடாவின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டார். பீஹாரிலிருந்து வந்தவர், ஊரைவிட்டு வந்து பிழைப்பவர் என்ற முறையில் நமக்கு உறவினர்தாம். தம் வண்டியின் இடது பின்கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது, அதனால் அதன் மஞ்சள் ஒரு சாயல் வெளிறியது என்று அவர் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது. கண்ணாடிக்குக் கீழே காளி படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை, ஓட்டி உட்காரும் பக்கம் மட்டும் அமுங்கிய இருக்கை, துரு ஏறிய கதவடி. இவற்றை உள்ளவாறு காட்டுவதுதான் திருத்தி அமைக்கும் கலையின் உயர்ந்த படி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி மின்னும் டாக்ஸியை நாம் எவரும் கண்டதில்லையே!

சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேலே சாமான் எங்கே?” என்றார். தம் மகளின் கலியாணச் சீர் முழுவதும் இந்தக் காரியர் மேல்தான் ஹௌராவுக்குப் போயிற்றாம். பிறகுதான் சாமான் சேர்த்தேன். 75 செ.மீ. டிரங்குப் பெட்டி 1:35-இல் 21 மி.மீ.; அட்டையில் செய்து பச்சை வர்ணம் பூசியாயிற்று. பழைய கைக்குட்டை படுக்கைச் சுருள் ஆயிற்று. கூஜாவுக்கு ஒரு பித்தளை மணி. எல்லாவற்றையும் தையல் நூலால் கட்டியபோது, முடிச்சுப் போடும் வேலையைப் பத்து வயதுப் பெண் ஏற்றுக்கொண்டாள். வகுத்தல் கணக்கென்றால் ஓடுபவள், படுக்கைச் சுருளின் நீளத்தை 35-ஆல் வகுத்துத் தானே சொன்னாள்.

நவராத்திரியில் வண்டியைக் கொலுவின் கீழே ஹௌரா பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அங்கேதான் தொல்லை. 12 செ.மீ. உயரமுள்ள செட்டியார் பொம்மை 1:35 கணக்கில் உட்கார்ந்தபடியே 4 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிடுகிறார். டாக்ஸியை நிமிர்த்தி வைத்தாலும் அவரைத் தாண்டுவது சொற்பமே. செட்டியாரைக் குறைக்க வீட்டில் சம்மதமில்லை. வண்டியைத்தான் இரண்டு முழம் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று.

தெருவில் எடுத்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து நம் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேண்டும் அன்பர்கள் படியெடுத்துக் கொள்ளலாம். கதவு, சக்கர வளைவு, பின்பெட்டி எல்லாம் அதில் உண்டு. பின்கண்ணாடியின் வளைவு மட்டும் இன்னும் சரியாக எடுக்கப்படவில்லை. அதற்குக் கண்ணாடியின்மேல் ஈய ஒட்டுக்கம்பியை அழுத்தி வளைத்து, அவ்வடிவைத் தாளில் பதிக்க வேண்டும். ஒருவர் கம்பியைப் பிடிக்க, மற்றொருவர் வரைய வேண்டும்.