இன்ஜின் மாற்றிய பிறகு

மட்டாஞ்சேரியில் ஒருவர் வீட்டிலேயே தம் பழைய அம்பாசடருக்கு டீசல் இன்ஜின் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது.

உடனே சாவியைத் திருப்பலாமா? கூடாது. முதலில் ஆயில், பிறகு ரேடியேட்டரில் தண்ணீர். டீசல் குழாயில் காற்று இருந்தால் இன்ஜின் ஓடாது. காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். நுரை வரும். நுரை நின்று டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம்! இன்ஜின் ஓடியதும் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். இல்லையேல் பேரிங் போய்விடும். புது இன்ஜினும் வீண்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய இன்ஜின் எண். பெட்ரோல் காரை டீசலாக்க, வேலை தொடங்குமுன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் புத்தகத்தைக் கொடுத்துத் திருத்த வேண்டும். இது 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. மட்டாஞ்சேரிக்கே தனி அலுவலகம் உண்டு. அங்கே பதிவாகும் வண்டிகளுக்குக் கே.எல். 43 என்று எண் தொடங்கும்.