சமதளப் பாதையில் சைக்கிள் பயணம்: தெப்ராவ் குடும்பங்கள் எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?

தெப்ராவ் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் சைக்கிளை யாரும் உடற்பயிற்சிக் கருவியாகப் பார்த்ததில்லை. பால்மரம் சீவப் போகிறவர் விடியுமுன்னே அதில் ஏறிப் புறப்பட்டார். பால் வாளி அதில் தொங்கியது. மளிகைச் சாமான் அதில் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை அதன் பின்னிருக்கையில் போனது. எல்லாம் செம்மண் சாலையில்தான். பின்னர் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் நிறைந்த பெரிய சாலைகளில் இன்று சைக்கிளை இறக்கப் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாரு நகரச் சாலையில் மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதினர் 8 பேர் கார் மோதி உயிரிழந்ததை இவ்வூர் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் சைக்கிளைக் கைவிட்டதற்கும் ஒரு விலை உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முட்டி வலி உள்ளவர்களுக்கு நடையைவிட சைக்கிள் எளிது, ஏனென்றால் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. வண்டிகள் இல்லாத, ஏற்றம் இல்லாத பாதை ஒன்று கிடைத்தால் போதும்.

ஏற்றம் இல்லாத பாதை என்பது ஏன் முக்கியம்? ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 50 வாட் உழைப்பு போதும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தைக் காக்க மேலும் 33 வாட் வேண்டும். கண்ணுக்கு அது ஏற்றமாகவே தெரியாது, கால்தான் கண்டுபிடிக்கும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்ந்தால் மொத்த உழைப்பு நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். பல ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிளில் ஏறுகிறவர்கள் பலர் முதல் நாளிலேயே அலுத்துப் போவதற்கு வயதைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பாதையைத்தான் சொல்ல வேண்டும்.

இயற்கையில் சமதளம் அரிது. மனிதர் இரண்டு காரணங்களுக்காக அதை உருவாக்கினார்கள். ஒன்று கால்வாய், தண்ணீர் மட்டத்தை மீறிப் போகாது, அதனால் கரையும் மட்டமாகவே இருக்கும். மற்றொன்று ரயில், இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கும் என்பதால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையைச் சீராக்கினார்கள். பிரான்சில் 1681ல் முடிக்கப்பட்ட மிடி கால்வாயில் படகை இழுத்த குதிரைகள் நடந்த கரை இன்று சைக்கிள் பயணிகளின் பாதை. கல்லணைக் கால்வாயின் கரையில் சைக்கிள் மிதித்த தஞ்சாவூர்க்காரருக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது.

ஜொகூரிலும் இந்த இரண்டு வகையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலாவது, மேற்குக் கரையின் பாரிட்டுகள். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று பத்து பஹாட், மூவார் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டிருப்போம். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தை வடித்துத் தென்னையும் பாக்கும் ரப்பரும் நட ஜாவானியர், பூகிஸ், பஞ்சார் குடியேறிகள் கையால் வெட்டிய வாய்க்கால்கள் அவை. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதைத் தூர்வாரி வைக்கும் பொறுப்புடன் 'கெத்துவா பாரிட்' என்ற தலைவர் இருந்தார். வாய்க்காலை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி வீடுகள், பின்னால் செம்பனை அல்லது தென்னை. பொந்தியானிலிருந்து வடக்கே பெனுட் வரையிலும் அதற்கு அப்பாலும் இதே அமைப்புதான். கரிமண் நிலம் என்பதால் பல இடங்களில் தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். அது அழுக்கு அல்ல, மக்கிய தாவரங்களின் சாயம்.

இந்தக் கம்போங் சாலைகளில் வண்டி குறைவு, நிழல் உண்டு, சில கிலோமீட்டருக்கு ஓர் ஒட்டுக்கடையாவது தென்படும். தெப்ராவிலிருந்து சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு பொந்தியானுக்குப் போய்விடலாம். ஊர்களுக்கு இடையிலான பெரிய சாலையை மட்டும் தவிர்க்க வேண்டும். அதில் லாரிகள் வேகமாக வரும். கரிமண் அமுங்குவதால் உட்சாலைகளும் சில இடங்களில் அலை அலையாகக் கிடக்கும். அங்கே மெதுவாகத்தான் போக முடியும், மெதுவாகப் போகத்தானே வந்தோம்.

இரண்டாவது பாதை நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. மலாயா ரயில் சிங்கப்பூருக்குள் ஓடிய தடம் இன்று 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகிவிட்டது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூரிடம் சேர்ந்தது, தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. புக்கிட் தீமாவின் பழைய நிலையமும் இரும்புப் பாலங்களும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. இரு பக்கமும் மரங்கள் கவிந்திருக்க, காலடியில் சரளையும் புல்லும். ரயில் போன பாதை ஆதலால் முழு நீளத்திலும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. தண்டவாளப் பராமரிப்பில் உழைத்த தமிழ்க் கூலிகளும், நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் மலாயா ரயில்வேயின் வரலாற்றில் பிரிக்க முடியாதவர்கள். பாட்டனார் ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அங்கே போக இன்னொரு காரணமும் இருக்கிறது.

ஜொகூர் பாலத்தைச் சைக்கிளில் கடப்போர் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் போக வேண்டும். காலை நெரிசலில் புகையை விழுங்கியபடி பிள்ளைகளுடன் அப்படிப் போவது நல்ல யோசனை அல்ல. சிங்கப்பூருக்குள் போய் வாடகைக்கு எடுப்பது சுலபம். மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர் அதை மடித்து அங்குள்ள எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம். பாதையின் வடக்கு முனை கிராஞ்சி நிலையத்துக்கு அருகில் இருக்கிறது.

வீட்டுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பாதை நன்றாகவே இருக்கும். ஆனால் அது தனியார் நிலம், காவலரிடம் கேட்காமல் போகக்கூடாது. வெட்டிப் போட்ட மட்டையின் முள் டியூபைக் கிழிக்கும், குலை ஏற்றும் டிராக்டர் வளைவில் திடீரென்று வரும். கோத்தா திங்கி பக்கம் காட்டு யானை நடமாட்டம் உள்ள இடங்களும் உண்டு. அந்தப் பக்கம் விடியற்காலையில் தனியாகப் போவது வேண்டாம்.

பழைய சைக்கிளை எடுப்பவர்கள் முதலில் பிரேக்கையும் டயரையும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் நின்ற டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் காற்றடித்துப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். அடுத்தது இருக்கை. இருக்கையில் உட்கார்ந்து குதிகாலை மிதியின் மேல் வைத்தால், மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். நம் ஆட்கள் பலர் கால் தரையில் பட வேண்டும் என்று இருக்கையை மிகவும் தாழ்த்திவிடுகிறார்கள். முட்டி வலிக்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான உழைப்பில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் உடனே இறங்கி இனிப்பு சாப்பிட வேண்டும். அதனால் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும்; முதல் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. செருப்பு வேண்டாம், மூடிய காலணி வேண்டும். கால் உணர்ச்சி குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். காலில் புண் இருந்தால் வாய்க்கால் தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

பிள்ளைகளுடன் போகும்போது வாய்க்கால் பக்கம் பெரியவரும் உட்பக்கம் பிள்ளையும் வர வேண்டும். தலைக்கவசம் எல்லாருக்கும் வேண்டும். ஜொகூரில் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிட்டால் வெயிலிலும் பிற்பகல் இடிமழையிலும் மாட்டிக்கொள்ள மாட்டோம். முதல் முறை போக வர 10 கிலோமீட்டர் போதும். வாய்க்கால் வெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை என்பதால், போகும்போது எதிர்க்காற்றில் போய்த் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கும்படி திசையைத் தேர்ந்துகொள்வது நல்லது. தெரியாமல் காற்றோடு போனவர்கள், வெகு சுகமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிவிட்டு, திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.