பெயர் போனாலும் கோப்பு போகாது

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் போன் இது: "அண்ணே, லாக் ஃபைல் 40 ஜிபி இருந்துச்சு, அழிச்சுட்டேன். ஆனா டிஸ்க் இன்னும் ஃபுல்லாத்தான் காட்டுது."

பயப்பட ஒன்றுமில்லை. லினக்ஸ் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

லினக்ஸில் கோப்பின் பெயர் ஓரிடம், கோப்பு வேறிடம். ஃபோல்டருக்குள் இருப்பது பெயரும் ஓர் எண்ணும்தான். அந்த எண் 'ஐநோடு' என்ற பதிவைக் காட்டும். கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்; பெயர் மட்டும் இருக்காது. அதனால் ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட வைக்கலாம். எத்தனை பெயர் என்ற கணக்கும் ஐநோடிலேயே இருக்கும். 'ஆர்எம்' கட்டளை ஒரு பெயரை எடுத்துவிட்டுக் கணக்கில் ஒன்றைக் குறைக்கும், அவ்வளவுதான். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கிய காலத்து ஏற்பாடு இது. 1991இல் பிறந்த லினக்ஸும் இதையே எடுத்துக்கொண்டது.

இன்னொருவர் எழுதிய, நம்மால் திறக்கக்கூட முடியாத கோப்பை நாம் அழிக்க முடிவதும் இதனால்தான். பொதுவாக, ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் போதும்.

பெயர்க் கணக்கு பூஜ்யமானாலும், ஏதாவது ஒரு புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் லினக்ஸின் மையமான கர்னல் அதில் கைவைக்காது. போன் செய்த தம்பியின் சர்வரில் நடப்பது இதுதான். பெயரில்லாத அந்த லாகில் வெப் சர்வர் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை கொடுத்தால், 'டெலீட்டட்' என்ற குறிப்போடு அந்த லாக் தெரியும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் 40 ஜிபியும் திரும்பிவிடும்.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலேயே அதன் கோப்புகளை அப்டேட் செய்ய முடிகிறது. பழையது பழைய கோப்போடு ஓடும், அடுத்துத் தொடங்குவது புதியதை எடுத்துக்கொள்ளும். தவறி அழித்த கோப்பையும் இதனால் காப்பாற்றலாம். அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 'ப்ராக்' ஃபோல்டருக்குள் அந்த புரோகிராமின் எண்ணுக்குக் கீழே கோப்பு முழுசாக இருக்கும், காப்பி செய்துகொள்ளலாம்.

புரோகிராமும் மூடிவிட்டால் நிலைமை வேறு. அப்போதும் தகவல் உடனே துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். ஆனால் இன்று பரவலாக இருக்கும் 'ஈஎக்ஸ்டி4' முறையில், தகவல் எங்கே கிடந்தது என்ற குறிப்பை ஐநோடிலிருந்து அழிக்கப்பட்டுவிடும். அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்தி, 'ஃபோட்டோரெக்' போன்ற கருவியால் தேடினால் படங்கள் கிடைக்கலாம்; பெயர்கள் கிடைக்காது. எஸ்எஸ்டி என்றால் அந்த நம்பிக்கையும் குறைவு. காலி இடங்களை 'ட்ரிம்' மூலம் லினக்ஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும்; பிறகு பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பவர்கள் கவனிக்க வேண்டும்: 'ஆர்எம்' கொடுத்த டிஸ்க் காலியான டிஸ்க் அல்ல. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை மேலெழுதிவிட்டுக் கொடுங்கள். புது லேப்டாப்பில் லினக்ஸ் போடும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பின்னால் அதன் சாவியை அழித்தாலே போதும்.